கறி காய்ச்சக் கூடாத குசினி

இன்று தமிழர் நிறைய இருக்கும் கிரவீன் புறநகரில் வாடகைக்கு ஓர் அறை பார்க்கப் போனேன். வியட்நாம் தோழி லானும் கூட வந்தாள்.

அவர்கள் மொழியில் கறிக்கு என்ன சொல் என்று வீட்டுக்கார அங்கிள் அவளிடம் கேட்டார்.

"கா ரி."

அங்கிள் பூரித்துப்போனார். "பாத்தியே பிள்ளை, எங்கட சொல்! பிரெஞ்சுக்காரன் கொண்டுபோய்க் குடுத்தது."

அந்த வரலாறு ஏறத்தாழச் சரிதான். நானும் படித்திருக்கிறேன்.

பிறகு குசினியைக் காட்டினார். "ஒரு கண்டிசன். இங்க கறி காய்ச்சக்கூடாது. மணம் நிலத்தில விரிச்ச காப்பெற்றில பிடிச்சா, வீட்டை விக்கேக்க வெள்ளையள் வாங்கமாட்டினம்."

அங்கிள் கடைசியாக என்ன சொன்னார் என்று காரில் லான் கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தன் அம்மா வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, அங்கே காய்ச்சலாம் என்றாள்.

கறி காய்ச்ச விடுகிற தமிழ் வீட்டுக்காரர் யாராவது இருந்தால், நான் பெட்டி கட்டுமுன் சொல்லுங்கள்.