மூன்று பந்தை விட்டும் என்னை மாற்றாத கோச்

இன்று செங்கல்பட்டு–மாமல்லபுரம் பஸ்ஸில் என் கல்லூரி வாலிபால் கோச் ஏறினார். மடியில் வலைப்பை நிறையப் பந்துகள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா, இப்ப எங்க கீற?"

"சிறுசேரி ஐ.டி. கம்பெனில டீம் லீட் சார். எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

கல்லூரி ஃபைனலில் மூன்று பந்து வரிசையாக என் கையில் பட்டு வெளியே பறந்தன. சார் என்னை மாற்றவில்லை. நாலாவதை எடுத்தேன், ஜெயித்தோம்.

தப்பு பண்ணியவரை உடனே வெளியே எடுக்கக் கூடாது என்று அன்று புரிந்தது. இன்டர்வியூவில் இதைச் சொல்லித்தான் வேலை வாங்கினேன். போன வாரம் சர்வரைப் படுக்க வைத்த ஜூனியரையும் அதனால்தான் இன்னும் டீமில் வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் சொல்லி நன்றி சொன்னேன். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உன்ன மாத்தத்தாம்மா பாத்தேன். ரெண்டாவது பந்துலயே ஷீலாவக் கூப்ட்டேன். அது பாத்ரூம் போயிருந்திச்சு. பெஞ்சுல வேற ஆளே இல்ல."

திருக்கழுக்குன்றம் வந்ததும் சார் பந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

இறங்கும்போது சார் சொன்னார்: "ஆனா நாலாவத எடுத்த பாரு, அன்னிலேர்ந்து நானும் யாரையும் உடனே மாத்துறதில்ல. உன்கிட்ட கத்துகினதுதான்."

ஷீலா, நீ என் ஃபேஸ்புக் ஃபிரெண்ட்ஸ் லிஸ்டில்தான் இருக்கிறாய். அன்று நீ கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் கொள்கை என்று ஒன்றே இருந்திருக்காது. என் ஜூனியருக்கு வேலையும் இருந்திருக்காது.

கமெண்டுக்கு வா. அவன் உனக்கு நன்றி சொல்ல வேண்டுமாம்.