மருமகனுக்காக ஒரு மார்ட்டினி

குடிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. குடிப்பதைப் பற்றி ரசனையோடு பேசுபவர்களை அதைவிடப் பிடிக்காது. மூன்று பொருளை ஒரு கிளாஸில் ஊற்றிக் கலக்குவதற்கு இருபது நிமிஷம் வீடியோ போடுகிறானே ஒருவன், தாடியும் இடுப்பில் தோல் ஏப்ரனுமாக, அவனை அறவே பிடிக்காது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்காம். முதல் ஐந்து நிமிஷம் அவன் எந்தெந்த ஊரில் குடித்தான் என்ற கதை. அப்புறம் ஐஸ் கட்டியின் குணநலன்கள். முப்பத்து மூன்று வருஷம் பாளையங்கோட்டையில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பியூரெட்டைத் தலைகீழாகப் பிடிக்கும் பிள்ளைகளுக்குக்கூட இரண்டு நிமிஷத்துக்கு மேல் விளக்கம் சொன்னதில்லை.

அந்த வீடியோவை நான் நான்கு முறை பார்த்தேன். நோட்டில் குறிப்பும் எடுத்தேன். என் மகள் ஒரு ராத்திரியாவது எங்கள் வீட்டில் தங்க வேண்டும், அதற்காகத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் இங்கே எங்கள் ஆலயத்தில் முடிந்து, பெங்களூரில் நண்பர்களுக்கு வரவேற்பு வைத்தார்கள். மருமகன் கோயம்புத்தூர்க்காரன், கம்ப்யூட்டர் வேலை, எதைக் கேட்டாலும் சிரிப்பான். சாப்பாட்டு மேஜையில் அவனுக்கும் என் மகளுக்கும் நடுவில் ஒரு கிளாஸ் நின்றது. காம்பு நீண்டு, வாய் அகன்று, உள்ளே பச்சையாக ஒரு காய் கிடந்தது. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பாட்டில் வாசல் தாண்டியதில்லை. சபையில் மதுவிலக்கைப் பற்றிப் பேச ஆள் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மகளை ஓரமாக அழைத்துப் போய், "குடிக்கிற ஆளு யாரும் என் வீட்டுல ஒரு ராத்திரி தங்கக் கூடாது. இப்பமே சொல்லிட்டேன்" என்றேன். "சரிப்பா" என்றாள்.

சரி என்றால் சரிதான். அதற்குப் பிறகு ஊருக்கு வந்தபோதெல்லாம் வண்ணார்பேட்டையில் லாட்ஜில் அறை எடுத்தார்கள். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, அம்மாவோடு பேசிவிட்டு, சாயங்காலம் ஆட்டோ பிடித்து லாட்ஜுக்குப் போனார்கள். புருஷனுக்காக வீம்பு பிடிக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு ராத்திரி குடிக்காமல் இருக்கத் துப்பில்லாதவனுக்குப் போய் என் பெண் இப்படி அலைகிறாளே என்று மனதுக்குள் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். வெளியே "வாங்க மாப்ளே, மீன் வச்சுக்கிடுங்க" என்றேன்.

போன ஈஸ்டருக்கு வந்திருந்தபோது, காலையில் டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சிக்னலில் பஸ் நின்றது. அந்த லாட்ஜின் இரண்டாம் மாடியில் துண்டால் தலை துவட்டிக்கொண்டு என் மகள் நின்றாள். பக்கத்து அறை வாசலில் மருந்துக் கம்பெனி ஆளாக இருக்கும், யாரோ ஒருவன் கைலியோடு பல் விளக்கிக்கொண்டிருந்தான். பிறந்த ஊரில் என் பிள்ளைக்கு இந்த இடமா? இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் ஜங்ஷன் வரை போய்விட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் இருக்கும்போது நானே போன் செய்தேன். "இந்தத் தடவை இங்கனயே தங்குங்க. உன் வீட்டுக்காரருக்கு என்ன வேணுமோ நானே வாங்கி வைக்கேன். என்ன குடிப்பாரு?"

அந்தப் பக்கம் அவள் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "மார்ட்டினிப்பா" என்றாள். "ஜின்னுல போடுறது. ஆறு பங்கு ஜின், ஒரு பங்கு டிரை வெர்மூத்துனு ஒரு மூலிகை வைன். ஐஸ் போட்டு ஸ்பூனால பைய கலக்கணும், குலுக்கக் கூடாது. கிளாஸை முன்னாலயே ஃப்ரீசர்ல வச்சிரணும். ஆலிவ் ஒண்ணு போதும்." பைபிளின் பத்துக் கட்டளைகளைக்கூட இத்தனை சரளமாக அவள் ஒப்பித்ததில்லை. புருஷனுக்கு ஊற்றிக்கொடுத்தே மனப்பாடம் ஆகியிருக்கிறது பார் என்று பல்லைக் கடித்தேன்.

ஜின்னில் நல்லது எது, கெட்டது எது என்று எனக்கு எப்படித் தெரியும்? மேலப்பாளையத்தில் கைலிக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் துபாயில் ஓட்டல் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்ததில்லை, ஆனால் எல்லாப் பாட்டிலையும் எண்ணி அடுக்கியவர். போனில், "வே, எனக்கு ஒரு ஜின் விவகாரம்" என்றேன்.

"அல்லாவே! யாருக்குவே பிடிச்சிருக்கு?" என்று பதறினார்.

"மருமகனுக்கு."

"எவ்வளவு நாளா?"

"கல்யாணத்துக்கு முன்னாலயே இருக்கும்போல."

"சொல்லாமக் கட்டி வச்சிட்டானுவளா? எங்க தெருவுல ஓதிப் பாக்க ஒரு அஸ்ரத்து இருக்காரு. வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாரும்."

அவர் சொல்வது பேய் மாதிரி ஆளைப் பிடிக்கும் கண்ணுக்குத் தெரியாத ஜின், நான் கேட்பது பாட்டிலில் இருக்கும் ஜின் என்று விளங்க வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. மனுஷர் சிரித்து முடித்துவிட்டு, "கையால தொட மாட்டேன், வாயால சொல்லுதேன்" என்று ஆரம்பித்தார். லேபிளில் லண்டன் டிரை என்று இருக்க வேண்டும். ரோஸ் கலர், ஸ்ட்ராபெரி வாசனை என்று வருகிற பாட்டில் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஜூனிபர் என்ற காயின் வாசனைதான் ஜின்னுக்கு உயிர், அது தூக்கலாக இருந்தால் மார்ட்டினிக்கு நல்லது. ரொம்ப மலிவும் வேண்டாம், பாட்டில் அழகைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். இவ்வளவுதான். தாடிக்காரன் இருபது நிமிஷத்தில் சொல்லாததைக் குடிக்காத மனுஷர் இரண்டு நிமிஷத்தில் சொன்னார்.

மதுக்கடைக்கு ஹெல்மெட்டைக் கழற்றாமலே போனேன். "லண்டன் டிரை" என்று கண்ணாடிக்குள்ளிருந்து முனகினேன். எடுத்துக்கொடுத்தவர், "கழத்திட்டே வாங்கலாம் சார், யாருட்டயும் சொல்ல மாட்டோம்" என்றார். சார் என்றாரே, அது பொதுவான சாரா, என்னைத் தெரிந்த சாரா என்று இன்றுவரை தெரியாது. பாத்திரக் கடையில் அந்தக் காம்புக் கிளாஸைக் கேட்டபோது, "ஐஸ்கிரீம் சாப்பிடவா அண்ணாச்சி?" என்றார்கள். ஆமாம் என்று பொய் சொன்னேன். ஆலிவைக் கடித்துப் பார்த்த என் மனைவி, "உப்புல போட்ட களாக்காயே இதுக்குத் தேவல. இதுக்கா இவ்வளவு பாடு படுதிய?" என்றாள். வெர்மூத் மட்டும் ஊரில் கிடைக்கவில்லை. "அது நான் கொண்டு வாரேன்ப்பா" என்றாள் மகள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தார்கள். பெட்டியை ஏற்கனவே லாட்ஜில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அறை போட்டோம் என்றான் மருமகன், அதே சிரிப்போடு. மகள் கைப்பையிலிருந்து வெர்மூத்தை எடுத்துத் தந்தாள். பாட்டில் பாதி காலி. குடிகாரன் வீட்டுப் பாட்டில் வேறு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சமையலறையில் என் செய்முறை வகுப்பு ஆரம்பமானது. பழைய அளவுச் சாடியில் தொண்ணூறு மில்லி ஜின், பதினைந்து மில்லி வெர்மூத். வாசனை பினாயில் ஊற்றிக் கழுவிய ஆஸ்பத்திரி வராந்தாவை ஞாபகப்படுத்தியது. ஐஸ் மட்டும் தாமிரபரணித் தண்ணீர். அந்தக் கலவையில் மனுஷன் குடிக்கத் தகுந்தது அது ஒன்றுதான். முப்பது விநாடி கலக்கி, வடிகட்டி, உறைந்த கிளாஸில் ஊற்றி, ஆலிவைப் போட்டேன். மதுவிலக்குப் பேசிய வாயை மூடிக்கொண்டு, தட்டில் ஏந்திப் போய் மருமகன் முன்னால் வைத்தேன்.

அவன் கிளாஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முதல்முறையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மாமா, நான் குடிக்கிறதில்லீங்களே. எப்பவுமே இல்லீங்க. மோர் இருந்தாக் கொடுங்க."

என் மனைவி மோர் எடுக்க எழுந்து போனாள். போகிற போக்கில், "எனக்கு அந்த வரவேற்பு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

மகள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "குடிக்கிற ஆளு இங்க தங்கக் கூடாதுன்னு சொன்னியள்லாப்பா. அதான் தங்கல. எப்பவாவது ஒண்ணுதான் குடிப்பேன். ஆனா மறைச்சு வச்சிட்டு உங்க வீட்டுல படுக்க எனக்கு மனசு வரல."

போனில் பேசியதை நினைத்துப் பார்த்தேன். அவர் குடிப்பார் என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இரண்டு வருஷம் மோர் குடிக்கிற ஒருவனைக் குடிகாரன் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன். என் வார்த்தைக்கு அப்படியே கீழ்ப்படிந்த பிள்ளையை லாட்ஜில் படுக்க வைத்திருக்கிறேன். அன்றுவரை தாடிக்காரன், மருமகன், குடிப்பவர்கள் என்று எல்லோர் மேலும் அள்ளிப் பூசிய இளக்காரம் முழுவதும் என் மேல்தான் பூசத் தகுந்தது. அவமானமாக இருந்தது.

கிளாஸின் வெளிப்பக்கம் வேர்த்து, தட்டில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மகள் பக்கம் நகர்த்தினேன். "ஏளா, குளிர்ச்சி போறதுக்குள்ள குடி" என்றேன்.

அவள் ஒரு வாய் குடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெர்மூத் ஒரு பொட்டு கூடிட்டுப்பா" என்றாள். பிறகு புருஷனிடம் திரும்பி, "லாட்ஜுல போய்ப் பெட்டியை எடுத்துட்டு வந்திருங்க" என்றாள்.

மறுநாள் காலையில் மேலப்பாளையத்து நண்பர் போன் செய்தார். "என்னவே, மருமகனுக்கு ஜின் பிடிச்சிருக்கா?"

"அவனுக்கு இல்லவே. என் மகளுக்கு."

"மகளுக்கா!" என்று போன் அதிரக் கத்தினார்.

"பையப் பேசும்வே" என்றேன். "அவ உள்ள தூங்கிட்டு இருக்கா."