குஸ்காவுக்கு பாய், குழம்புக்கு மாமன்

பிள்ளைகளே, உங்களுக்குக் காது குத்திய அன்று குலதெய்வத்துக்கு ஆடு வெட்டிப் படைத்தோம். அந்தக் கறியைப் பிரியாணி போடக் கொண்டுபோனேன். ஆம்பூரிலிருந்து வந்திருந்த பிரியாணி மாஸ்டர் பாய், அது படைத்த கறி என்று தெரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. சாமிக்குப் படைச்ச கறிய நான் சமைக்க மாட்டேன். எங்க மார்க்கத்துல கூடாது.”

சொந்தக்காரர்கள் வேனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். உங்கள் தாய்மாமனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னா பாய், பந்தி போடற நேரத்துல பேஜார் பண்றீங்க?”

ஆனால் படைக்காமல் சமைக்க நாங்கள் ஒத்துக்கொள்வோமா? அவருக்கும் அப்படித்தானே.

“கறி வேணாம் பாய். வேற இன்னா செய்யலாம், நீங்களே சொல்லுங்க” என்றேன்.

பாய் முகம் மலர்ந்தது. “கறி இல்லாம நெய் ஊத்தி குஸ்கா போடறேன். கறிய நீங்க தனியா குழம்பு வெச்சுக்குங்க. இவ்ளோ காரமா பேசறாரே, மச்சானையே வெக்கச் சொல்லுங்க!”

பந்தலே சிரித்தது. மாமனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார். அன்று குஸ்காவில் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டவர்கள் பந்தியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பாய் தன் குஸ்காவைக் கத்திரிக்காய்த் தொக்கோடு சாப்பிட்டார்.

இப்போதும் வீட்டில் விசேஷம் என்றால் மாமன்தான் முதலில் சொல்கிறார்: “குஸ்காவுக்கு பாயைக் கூப்பிடு. குழம்பு நான் பாத்துக்கறேன்.”