காய்ந்த நூலில் போட்ட முடிச்சு

என் மகனுக்கு ஏழு வயதில் நீர்ப்பையில் கல் உண்டாயிற்று. கோட்டையில் இருந்த ஒல்லாந்தக்கார ரணவைத்தியர் அதை அறுத்து எடுத்தார். அறுத்த கதையை எங்கள் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அறுத்த பிறகு வந்த மூன்றாம் நாளைப் பற்றி அவர்களுக்குப் பாதிதான் தெரியும். மீதியை என் மனைவிக்கும் நான் இன்னும் சொல்லவில்லை.

எங்கள் ஏரி கடலோடு சேரும் வாயை மணல் அடிக்கடி அடைத்துக்கொள்ளும், கப்பல்கள் அதற்குள் நுழைய முடியாது. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். எங்கள் ஆட்கள்தான் படகில் போய்ச் சரக்கை இறக்குவார்கள். அவர்களுக்கும் கப்பல்காரர்களுக்கும் நடுவே நின்று பறங்கிப் பாஷையில் பேசுவது என் பிழைப்பு. நானும் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவன்தான். படகில் ஏறினால் வாந்தி எடுப்பேன் என்பதால் என்னை எழுத்துப் படிக்க அனுப்பினார்கள்.

அந்த வருஷம் முழுக்க மகன் ஒண்ணுக்குப் போகும்போதெல்லாம் மண்ணில் உருண்டான். கடைசியில் ரத்தம் வந்தது. வைத்தியர் பார்த்துவிட்டு, "எடுத்தால் பிழைக்கலாம். எடுக்காவிட்டால் அடுத்த மழையைப் பார்க்கமாட்டான்" என்றார். அபின் கொடுத்து, நாலு மாலுமிகள் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் அதை எழுத என்னால் முடியாது. முடிந்ததும் வைத்தியர் கல்லைக் கழுவி என் உள்ளங்கையில் வைத்தார். கொட்டைப்பாக்கு அளவு இருந்தது. சூடு ஆறாமல் இருந்தது.

புண்ணைத் தைக்கவில்லை. அது தானாக மூட வேண்டும், அதுவரை சிறுநீர் புண் வழியாகத்தான் கசியும், பழைய வழிக்கு எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் வைத்தியர். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. பையன் தொடையை விரிக்கக் கூடாது. விரித்தால் புண் கிழியும். கிழிந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது. துணிப்பட்டையால் முழங்காலிலும் கணுக்காலிலும் கட்டிக் காட்டினார்.

கோட்டைச் சுவரை ஒட்டிய ஓர் அறையில் எங்களைத் தங்க விட்டார்கள். முதல் இரண்டு நாளும் துணி நிற்கவே இல்லை. காய்ச்சலில் அவன் உதைப்பான், கட்டு நெகிழும், என் மனைவி பாய்ந்து இரண்டு முழங்காலையும் சேர்த்துப் பிடிப்பாள். சாப்பிடும்போதுகூட ஒரு கை அங்கேயே இருக்கும். மூன்றாம் நாள் காலையில் அவள் உட்கார்ந்தபடியே சாய்ந்து விழுந்தாள். "நீ ஊட்டுக்குப் போயி சின்னதுக்குப் பால் குடுத்துட்டு, குளிச்சிட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பினேன்.

அவள் போனதும் துணி மறுபடி நெகிழ்ந்தது. என் பையில் சணப்பு நூல் கொஞ்சம் இருந்தது, வலைக்கு எடுக்கிற நூல். துணியை நீக்கிவிட்டு அந்த நூலால் முழங்காலிலும் கணுக்காலிலும் மூன்று சுற்றுச் சுற்றி வலை முடிச்சுப் போட்டேன். சின்ன வயதில் கற்றது, கை மறக்கவில்லை. அவன் உதைத்துப் பார்த்தான். அசையவில்லை. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது.

ஈ மொய்க்காமல் இருக்கக் காலை மூடிவிட்டு, புண்ணின் மேல் வைத்த துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிவப்பு ஏறுகிறதா, நாற்றம் வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். சிறுநீர் கசிந்து தொடை வழியாக இறங்கிக்கொண்டே இருந்தது. படுக்கைத் துணியை இரண்டு முறை மாற்றினேன்.

"நைனா, காலு மரத்துப் போச்சு. அவுத்து வுடு."

"கொஞ்சம் பொறுத்துக்கோடா கண்ணு. அவுத்தா புண்ணு கிழியும்."

நாலைந்து தடவை கேட்டான். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். வலி குறைந்துவிட்டது என்று நினைத்தேன்.

உச்சி வெயில் சாயும் நேரத்தில் மனைவி தன் அண்ணனோடு வந்தாள். அவர் சுக்கான் பிடிக்கிற ஆள், எங்கே போனாலும் சத்தமாகத்தான் நுழைவார்.

"இன்னா மாப்ளே, வெள்ளக்காரன் கட்டில்ல ராஜா மாறி படுத்துனுகீற? உன் நைனாவுக்கு மடவை மீன் கொழம்பு எடுத்தாந்தேன். வாசல்ல துப்பாக்கிக்காரன் சட்டிய மோந்து பாத்துட்டு நடுத்துண்டத் தூக்கிக்கினான்."

பையன் சிரிக்கவில்லை. அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, வழக்கமாகச் செய்வதுபோல உள்ளங்காலைக் கிச்சுகிச்சு மூட்டப் போர்வைக்குள் கையை விட்டார். கையை எடுக்கவில்லை.

"மச்சான், காலு இன்னா இப்டி சில்லுனு கீது?"

போர்வையை விலக்கினார். இரண்டு பாதமும் நாவல் பழ நிறத்தில் வீங்கியிருந்தன. கணுக்காலில் நூல் தெரியவே இல்லை. சதைக்குள் போயிருந்தது.

"இன்னா நூலு இது?"

"சணப்பு."

"நனைச்சுக் கட்னியா?"

எங்கள் ஆட்கள் வலை முடியும்போது நூலை நனைத்துவிட்டுத்தான் முடிவார்கள். காய்ந்த நூலில் போட்ட முடிச்சு தண்ணீரில் விழுந்ததும் கல்லாக இறுகும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். காலையில் அது நினைவுக்கு வரவில்லை.

"காய்ஞ்ச நூல கட்டி ஒண்ணுக்குல ஊற வுட்டுட்டியே மச்சான்! வலை முடியிற ஊட்லதான பொறந்த நீ?"

இடுப்புக் கத்தியை எடுத்தார். மனைவி முழங்கால்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கத்தி நூலுக்கு அடியில் போகவில்லை. கத்தி முனையால் ஒவ்வொரு இழையாக நெம்பி அறுத்தார். இரண்டு இடத்தில் தோல் வெட்டுப்பட்டது. பையன் அழவில்லை. அவனுக்கு அது தெரியவே இல்லை.

நான் வைத்தியரிடம் ஓடினேன். அவர் வந்து பையனின் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். கையை எடுத்த பிறகும் நகம் வெளுப்பாகவே நின்றது. நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, எனக்கு நன்றாகப் புரியும்படி பேசினார். சூரியன் இறங்குவதற்குள் சூடு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பாதம் செத்துவிடும். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும். இந்த உடம்பு இரண்டாவது கத்தியைத் தாங்கும் என்று தான் நம்பவில்லை.

"இன்னா சொல்றாரு?" என்றாள் மனைவி.

"சூடு வந்துடும்னு சொல்றாரு."

"அவ்ளோ நேரம் பேசினாரு. நீ ஒரு வார்த்தைல முடிக்கிற."

"அவங்க பாஷை நீளம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவன் இரண்டு பாதங்களையும் எடுத்து, சேலையை விலக்கித் தன் வெறும் வயிற்றில் ஒட்டவைத்து மூடிக்கொண்டாள். அவள் அண்ணன் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ஜன்னல் வழியாக விழுந்த வெயில் எதிர்ச்சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் ஏறினால் சூரியன் இறங்குகிறது என்று அர்த்தம். சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அதைத் தொடுவதற்குள், அதைத் தொடுவதற்குள் என்று சொல்லிக்கொண்டேன். தொட்டது. தாண்டியது. அடுத்த எல்லையாகக் கூரை மரத்தைப் பார்த்தேன்.

வெயில் மஞ்சளாகிவிட்டபோது அவன் முனகினான்.

"எறும்பு கடிக்குது."

"எங்கடா?"

"கால்ல. நெறைய எறும்பு நைனா. தட்டி வுடு."

கட்டிலில் எறும்பு இல்லை. அடுத்த நிமிஷம் அவன் வீறிட்டான். கல்லை அறுத்தபோதுகூட அப்படிக் கத்தவில்லை. மனைவி பாதங்களை விடவில்லை, அவளும் அழுதாள். சத்தம் கேட்டு வைத்தியர் வந்தார். நகத்தை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். மெல்ல, ஓரத்திலிருந்து, சிவப்பு ஊறியது. "அழட்டும்" என்றார். அதைச் சொன்னபடியே மனைவிக்குச் சொன்னேன்.

புண் மூட மேலும் பல நாள் ஆயிற்று. ஒரு நாள் காலையில் அவனைத் தூக்கிப் பிடித்திருந்தபோது சிறுநீர் பழைய வழியில் வந்து என் மார்பை நனைத்தது. வெளியில் நின்ற மச்சானைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு, "ஏரி வாய் தெறந்துக்கிச்சு" என்றார்.

இப்போது அவனுக்குப் பதினொன்று. மாமனோடு படகில் போகிறான். வலது கணுக்காலில் மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால், "எங்க நைனா கட்ன வலை" என்று தன் தோழர்களிடம் காட்டுவான். கூடவே நானும் சிரிப்பேன்.

ஆனால் அவன் ஒண்ணுக்குப் போகக் கரையேற்றிய படகின் பின்னால் ஒதுங்கினால், நான் கொஞ்ச தூரத்தில் நின்றுகொள்கிறேன். மணலில் சத்தம் விழ வேண்டும். இடையில் அறுபடாமல் விழ வேண்டும். அவனுக்குக் கோபம் வரும். "போ நைனா, அப்பால போ" என்பான். இரண்டு அடி நகர்கிறேன். சத்தம் கேட்கிற தூரத்துக்கு அப்பால் போக என் கால் வருவதில்லை.