பானுப்பிரியாவின் கேரட் வைத்தியம்

ஆவடி பக்கம் கோவில்பதாகையில் இருக்கும் பானுப்பிரியாவுக்கு எதையும் காதில் வாங்கியதோடு விட்டுவிடத் தெரியாது. தானே செய்து பார்த்தால்தான் தூக்கம் வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி பிரேக்குக்கு ஸ்பிரிங் செய்யும் கம்பெனி ஒன்றில், கீறல் விழுந்த ஸ்பிரிங்கைப் பொறுக்கி எடுக்கும் மேஜை பதினாறு வருடமாக அவளுடையது. நாற்பத்திரண்டு வயதில் கிட்டத்தில் இருப்பதெல்லாம் மங்க ஆரம்பித்தது. அடுத்த மாதம் கண் பரிசோதனை. தேறாவிட்டால் பேக்கிங்குக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த மேஜையை விட அவளுக்கு மனசே இல்லை.

கண்ணுக்குக் கேரட் நல்லது என்று யாரோ சொன்னார்கள். போதாதா? காலையில் ஜூஸ், மதியம் பொரியல், சாயங்காலம் பச்சையாக நாலு. மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைத் தினமும் வாசித்துப் பார்த்துக் காலண்டரில் குறித்தாள். ஒருநாள் தெரிகிற மாதிரி இருக்கும், மறுநாள் இருக்காது.

“கறிக்கொயம்புலயுமா கேரட்டு?” என்று புருஷன் நாகப்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

மூன்றாவது வாரம் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. சூப்பர்வைசர் ஞானசேகரன் பார்த்துவிட்டார். “இன்னாம்மா, கை இப்டி கீது? காமாலையா? டாக்டராண்ட போய்ட்டு வா.”

ஆவடி டாக்டரம்மா அவள் இமையை இழுத்துப் பார்த்தார். வெண்விழி வெள்ளையாகவே இருந்தது.

“காமாலைன்னா கண்ணும் மஞ்சளாகும். தினம் எவ்வளவு கேரட் சாப்பிடறீங்க?”

கணக்கைக் கேட்டதும் டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கேரட், கீரை, முட்டை, மீன் எல்லாமே கண்ணுக்கு நல்லதுதான். அளவா சாப்பிடுங்க. ஆனா நாப்பது தாண்டி வர்ற இந்த மங்கல் சாப்பாட்டால போகாது. கண்ணாடி போடணும்.”

கண்ணாடியோடு பரிசோதனைக்கு ஒத்துக்கொள்வார்களா? கிலோ கிலோவாகக் கேரட்டை அரைத்தவளுக்கு இதை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். மறுநாள் கேட்டாள்.

“யாரு வேணான்னது? கீறல் தெரியணும், அவ்ளோதான்” என்றார் ஞானசேகரன்.

கண்ணாடி வந்த அன்று, முந்தின நாள் தானே பார்த்து, சரி என்று தேற்றி வைத்த தட்டை முதலில் இழுத்தாள். ஆறு ஸ்பிரிங்கில் மயிரிழைக் கீறல். வாயை மூடிக்கொண்டிருந்தால் மேஜை நிலைக்கும். தட்டோடு எழுந்து போனாள்.

“சார், இது நான் பாஸ் பண்ணது. ஒரு மாசமாவே எனக்கு சரியா தெரில. அனுப்புனத எல்லாம் திரும்ப வரவைங்க. பிரேக்குல போற ஸ்பிரிங்கு சார். என்னை பேக்கிங்குல போட்டாலும் சரி.”

ஞானசேகரன் ஒரு ஸ்பிரிங்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“திரும்பி வர்றது அத்தனையும் நீதான் பாக்கணும். போய் குந்து.”

அழுகையை அடக்கிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் மேஜையில் போய் உட்கார்ந்தாள்.