கசந்துபோன சீத்தாப்பழ ஜாம்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வாசலில், கூடைக்காரம்மாவிடம் வாங்கிய சீத்தாப்பழத்தை நின்ற இடத்திலேயே பிளந்து, கொட்டைகளை உள்ளங்கையில் துப்பிக்கொண்டே மச்சான் சொன்னார்: "துபாய்க் கடையில வாங்கினா சப்புன்னு இருக்கு. இங்கேருந்து கொண்டு போனா பொட்டிக்குள்ளயே நசுங்கிடுது."

மச்சான் என் அக்காவின் கணவர். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டுக் கிளம்புகிறார். திரும்பி வர இரண்டு வருடம் ஆகும். ஜாம் போட்டால் என்ன என்று எனக்குச் சட்டென்று தோன்றியது. யோசிக்குமுன் வாய் முந்திக்கொண்டது. "ரெண்டு பாட்டில் போட்டுத் தரேன் மச்சான்!"

கூடையிலிருந்த பழங்களையும் வாங்கிக்கொண்டு, எங்கள் ஊரான லப்பைக்குடிக்காடு வந்ததும் வேலையில் இறங்கினேன். பழ விழுதைக் கொட்டை பிரிய மிக்ஸியில் லேசாகச் சுற்றி, சர்க்கரை போட்டுக் காய்ச்சினேன். நிறம், மணம், பதம் எல்லாம் சரி. வாயில் வைத்தால் கசப்பு.

"கொட்டை அரைபட்டிருக்கும்," என்றாள் அம்மா.

மறுநாள் கொட்டையைக் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்தேன். மிக்ஸி பக்கமே போகவில்லை. அதுவும் கசந்தது. பாத்திரத்தில் குற்றமோ என்று அலுமினியத்தை விட்டு எவர்சில்வருக்கு மாறினேன். அப்போதும் கசப்பு.

அம்மா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். பெருநாளுக்கு அல்வா கிண்டும் கை அது. "பச்சை வாடை போகல. நெய் விட்டு நல்லா சுருளக் கிண்டணும்." கிண்டக் கிண்ட நெய் பிரிந்து, பார்க்க அல்வாவே தோற்றுவிடும்போல் வந்தது. அக்கா நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "எம் புருசன் வேலைக்குப் போறாரா, வைத்தியத்துக்குப் போறாரா? வேப்பங்கொழுந்த அரைச்சு ஊத்துனியாடி?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழம் இனிப்பு, சர்க்கரை இனிப்பு. இரண்டும் சேர்ந்தால் எங்கிருந்து வருகிறது கசப்பு? போன கோடையில் இதே அடுப்பில் மாம்பழ ஜாம் தேனாக வந்ததே.

இன்று வியாழக்கிழமை. காலையில் கொஞ்சம் விழுதைச் சர்க்கரை போடாமல் அடுப்பில் ஏற்றி, சூடேற ஏற ஒவ்வொரு சொட்டாக நக்கிப் பார்த்தேன். வெதுவெதுப்பில் தித்தித்தது, கொதி வந்ததும் கசந்தது. அப்படியானால் சூடுதான் ஆகவில்லையா? மற்ற பழங்களுக்கு இல்லாத கோபம் இதற்கு மட்டும் ஏன்?

பெட்டிக்குக் கயிறு தேடிக்கொண்டிருந்த மச்சான் எட்டிப் பார்த்தார். "வுட்டுடு புள்ள. பாவம், நீயும் எத்தனை தடவதான் கிண்டுவ?"

"பொட்டிய இன்னும் கட்டிடாதீங்க மச்சான்."

நான்கு பழம் மிச்சம் இருக்கிறது. சர்க்கரையை மட்டும் கெட்டிப் பாகாகக் காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து, நன்றாக ஆறிய பிறகு பச்சை விழுதை அதில் கலக்கப் போகிறேன். பழத்தில் நெருப்பே படாது. வேகாத பழம் துபாய் வரை கெடாமல் போய்ச் சேருமா, அதுவும் தெரியவில்லை. பாகு ஆறிக்கொண்டிருக்கிறது.