ஒரே கடன், இரண்டு அட்டைகள்

என் மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று, ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் கவுண்டர் முன்னால் நான்கு பேர் நின்றோம். என் கணவர், அவருடைய தம்பி, தம்பியின் மனைவி, நான். அண்ணனும் தம்பியும் பில்லைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு பேரிடமும் ரொக்கம் இல்லை. முதலில் என் கிரெடிட் கார்டைத் தேய்த்தார்கள், அடுத்து என் ஓரகத்தியின் கார்டை. ஆளுக்கு எண்பதாயிரம் ரூபாய். ஒரே மெஷினிலிருந்து அடுத்தடுத்து இரண்டு சீட்டுகள் வந்தன.

அன்றைக்கு அவள் கடனுக்கும் என் கடனுக்கும் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வித்தியாசம் இருந்திருந்தால் பின்னால் எனக்கு அவ்வளவு வயிற்றெரிச்சல் வந்திருக்காது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எம்.எஸ்ஸி., பி.எட். அவள் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தியவள். வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். களக்காட்டுப் பக்கம் அவள் ஊர். அப்பாவுக்குக் குத்தகைக்கு எடுத்த வாழைத்தோட்டம் உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் பேங்க் சலான் நிரப்பத் தெரியாமல் என்னிடம்தான் கொண்டுவருவாள். நான் நிரப்பிக் கொடுப்பேன். அப்படி அவள் பக்கத்தில் காத்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது என்று இப்போது எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மாமியார் எங்களோடுதான் இருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு குளிக்க வைப்பது, நடக்கப் பழக்குவது எல்லாம் என் பொறுப்பு. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். மாத்திரைகளும் தைலமும் என் கார்டில்தான் வாங்கினேன். மாதாமாதம் கார்டு பில்லில் 'குறைந்தபட்சம் கட்ட வேண்டியது' என்று ஒரு தொகை போட்டிருக்கும். அதை மட்டும் ஒரு மாதமும் தவறாமல் கட்டினேன். ஒழுங்காகத்தானே கட்டுகிறோம் என்று திருப்தி வேறு. ஆனால் கட்டிய பணத்தில் பெரும்பகுதி வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் கடன் எண்பதாயிரத்தை விட்டு நகரவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமியார் பத்து நாள் சின்ன மகன் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, நான் அவியல் வைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"சின்னவ ஆசுபத்திரிக் கடன அடைச்சிட்டாளாம்ளா. ஒத்தப் பைசா பாக்கி இல்லியாம். நீங்க எப்பம் அடைக்கப் போறீய?"

கரண்டியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அடுப்பில் எதுவும் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

சாயங்காலம் கணவர் டவுனில் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடையிலிருந்து வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன். "அவளுக்கு என்ன, அப்பா வீட்டுல வாழைத்தாரு வித்த காசு வந்துருக்கும். நமக்கு யாரு குடுப்பா?"

"ஏளா, அதெல்லாம் இல்ல. தம்பி சொன்னான். கடன அப்படியே வேற பேங்க் கார்டுக்கு மாத்தியிருக்கா. அங்கன ஆறு மாசத்துக்கு வட்டி கெடையாதாம். அதுக்குள்ள கட்டி முடிச்சிட்டா. நீயும் அவகிட்ட என்ன ஏதுன்னு கேளேன்."

"நான் கணக்கு டீச்சர். அவகிட்டப் போய் வட்டிக்கணக்கு கேக்கணுமாக்கும்?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

வாழைத்தார் என்று தெரிந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிறந்த வீட்டுக் காசு என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அவள் தன் புத்தியால் அடைத்தாள் என்பதுதான் தாங்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு போனேன். கரும்பலகையில் சமன்பாடு எழுதும்போது, இந்நேரம் அவள் ஏசி காற்றில் நிம்மதியாக உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றும்.

அவளிடம் கேட்காமல் நானே செய்து காட்டுவது என்று முடிவு செய்தேன். கார்டு வேண்டுமா என்று அடிக்கடி போன் செய்யும் ஒரு பெண்ணிடம் இந்த முறை வேண்டும் என்றேன். விஷயம் எளிதாகத்தான் இருந்தது. புதிய பேங்க் என் பழைய கார்டு பாக்கியை நேராக அடைத்துவிடும். அந்தக் கடன் அவர்கள் கார்டில் ஏறும். ஆறு மாதம் வட்டி இல்லை. மாற்றுவதற்கு ஒரு தடவை கட்டணம் உண்டு. நிபந்தனைகள் போனில் வந்தன. பொடி எழுத்தில் பல பக்கம். கடைசி வரைக்கும் விரலால் தள்ளிக்கொண்டே போய், சம்மதம் என்று இருந்த இடத்தில் தொட்டேன். ஒரு வாரத்தில் பழைய கார்டில் பாக்கி பூஜ்யம் என்று காட்டியது. அந்தப் பூஜ்யத்தை மாமியாருக்கும் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை என்றார்.

ஆடி அமாவாசைக்கு எல்லோரும் பாபநாசம் போனோம். ஆண்கள் மாமனாருக்குத் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருக்க, நானும் அவளும் படித்துறையில் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தோம். மீன்கள் வந்து விரலைக் கடித்தன. அவள் அரக்கு நிறத்தில் புதுச் சேலை கட்டியிருந்தாள். அவளுக்கு அது நன்றாக இருந்தது. கடன் அடைந்தவள் வாங்குவாள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

"யக்கா, கார்ட மாத்திட்டீயளாமே. அத்தான் சொன்னாவ."

"ஆமா."

"நல்லதுக்கா. ஆனா அந்தப் புதுக் கார்டுல மட்டும்..."

"எனக்குத் தெரியும்ளா" என்றேன்.

அவள் பேச்சை மாற்றி, தண்ணீர் இந்த வருஷம் பரவாயில்லை என்றாள். நான் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டேன். அவள் சொல்ல வந்ததை அன்றைக்குக் கேட்டிருந்தால் எழுதுவதற்கு இவ்வளவு இருந்திருக்காது.

மறுவாரமே டவுனில் ஒரு சேலை வாங்கினேன். அவள் சேலையைவிட இரண்டு மடங்கு விலை. புதுக் கார்டில்தான். வட்டியில்லாத கார்டுதானே! பிறகு ஒரு மிக்சி. அவள் வீட்டில் இருக்கும் அதே கம்பெனி, அதைவிட ஒரு ஜார் கூடுதல். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வுத்தாள் கட்டுகள் வீடெல்லாம் கிடந்தன. பணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்பது மறந்துபோய், ஞாயிற்றுக்கிழமைதான் கட்டினேன்.

அடுத்த பில்லை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு நாள் தாமதத்துக்கு அபராதம். வட்டி இல்லை என்ற சலுகையே ரத்து. சேலைக்கும் மிக்சிக்கும் வாங்கிய நாளிலிருந்தே முழு வட்டி. மாற்றிய கடன் பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் எதற்கும் சலுகை கிடையாதாம். எல்லாம் அந்தப் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. அடுத்த பீரியட் எனக்கு ஒன்பதாம் வகுப்பு. நல்லவேளை, அன்றைக்கு வட்டிக் கணக்கு இல்லை, வடிவியல். முக்கோணத்தைத் தப்பாக வரைந்து அழித்தேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மகள்களைக் கூட்டிக்கொண்டு துணி எடுக்கப் போனேன். டவுனிலேயே எடுத்திருக்கலாம். வேண்டுமென்றேதான் அவள் கடைக்குப் போனேன். நான்கு பில் கவுண்டர் இருந்தது. அவளுடையதில்தான் கூட்டம் அதிகம். அதில் போய் நின்றேன், கைகொள்ளாத துணியோடு. கணக்குப் பார்க்காமல் எடுக்கிறேன் என்று அவள் பார்க்க வேண்டும்.

அவள் சிரித்துக்கொண்டே பில் போட்டாள். பிள்ளைகளின் கன்னத்தைத் தட்டினாள். நான் புதுக் கார்டை நீட்டினேன். மெஷின் ஒரு மாதிரி சத்தம் போட்டது. அவள் மறுபடி தேய்த்தாள். அதே சத்தம். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. கார்டின் வரம்பு ஒரு லட்சம். கடன், சேலை, மிக்சி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து அதைத் தொட்டிருந்தது. பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

அவள் மெஷினைத் தட்டினாள். வரிசைக்கே கேட்கிற மாதிரி, "சவத்து மெசினு! காலைல இருந்து இதே பாடுதான். கார்டு வச்சிருக்கவங்க பக்கத்துக் கவுண்டருக்குப் போங்க" என்றாள். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "யக்கா, துணி இங்கன இருக்கட்டும். ஒன்னரைக்கு எனக்குச் சாப்பாட்டு நேரம். எதுத்தாப்புல டீக்கடைல இருங்க" என்றாள்.

மற்றவர்கள் என்றால் நன்றியோடு அழுதிருப்பார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவளுக்கு எப்படி இதெல்லாம் அந்த நொடியிலேயே தோன்றுகிறது? அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் 'கார்டு ஏறல' என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரியும்.

இருந்தாலும் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்கு வடை வாங்கிக் கொடுத்தேன். அவள் தூக்குச்சட்டியோடு வந்தாள். போனில் பில்லைத் திறந்து அவள் பக்கம் தள்ளினேன். அவள் சோற்றைப் பிசைந்தபடியே முழுவதும் படித்தாள். ஒவ்வொரு வரியாக.

"நீ எப்படிளா அடைச்ச?" என்று கடைசியில் கேட்டேன்.

"எனக்கு இங்கிலீசு வராதுல்லா, அதான் பயந்துபோய் பேங்குக்கே போயிட்டேன். அங்கன இருந்த அம்மாட்ட மூணு தடவ கேட்டேன். ஆறு மாசத்துல முடியலன்னா என்ன ஆவும், ஒரு நா பிந்துனா என்ன ஆவும், சாமான் வாங்குனா என்ன ஆவும்னு. அவங்க சிரிச்சிட்டாங்க. கடன ஆறாப் பிரிச்சி, சம்பளம் வந்த அன்னைக்கே கட்டிட்டேன். பழைய கார்ட கடைக் கத்திரியாலயே வெட்டிட்டேன். புதுக் கார்டு எங்க அம்மாகிட்ட களக்காட்டுல கெடக்கு. கைல இருந்தா வாங்கத்தானே தோணும்."

"அரக்குச் சேலை?"

"அதுவா? முந்தியில கறை பட்டுருக்குன்னு கடைல பாதி வெலைக்குத் தள்ளுனாங்க. கறைய உள்ள வச்சிச் சொருகியிருந்தேன், நீங்க பாக்கல. உங்க கொழுந்தன் ஆறு மாசம் வண்டி எடுக்காம டவுன் பஸ்ல போனாங்க. அதுக்கு எங்கிட்டப் பேசாம இருந்தது ஒரு மாசம்."

கையைக் கழுவிவிட்டு, அங்கேயே என் போனிலிருந்து அந்த பேங்குக்கு அழைத்தாள். பதினைந்து நிமிஷம் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்தோம். ஆள் வந்ததும் ஸ்பீக்கரில் போட்டு, என்னைப் பேசச் சொல்லி, கேட்க வேண்டியதை என் காதில் பைய எடுத்துக் கொடுத்தாள். மொத்தத்தையும் பதினெட்டு மாதத் தவணையாக மாற்றினால் வட்டி பாதிக்குமேல் குறையும் என்றார்கள். "முன்னாடியே அடைச்சா அபராதம் உண்டான்னு கேளுங்க" என்றாள். கேட்டேன். உண்டு. எவ்வளவு என்றும் கேட்க வைத்தாள். அதன் பிறகுதான் சம்மதம் சொல்லவிட்டாள்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாவாடை சட்டை மட்டும் எடுத்தோம். அவளே காசு கொடுத்தாள். மாதம் பிறந்ததும் திருப்பிக் கொடுத்தபோது எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். எனக்கு அதுவும் உறுத்தியது.

கணவரிடம் அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. "அவகிட்ட முதல்லயே கேட்டுருக்கலாம்லா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பள்ளி விட்டு வந்ததும் நான்கு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்தேன். அந்தக் காசு தவணைக்கு. கார்டை அவள் சொன்ன மாதிரியே கையை விட்டுத் தள்ளி வைத்தேன். டவுன் கடை மேஜையில் கணவர் பூட்டி வைத்துக்கொண்டார்.

பதினெட்டாவது தவணை போன மாதம் முடிந்தது. பாக்கி இல்லை என்று செய்தி வந்தபோது பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கணவருக்குக்கூடச் சொல்லாமல் முதலில் அவளைத்தான் அழைத்தேன். பின்னால் கடைச் சத்தம் கேட்டது.

"முடிஞ்சிட்டுளா" என்றேன்.

"அப்படியா? நல்லதுக்கா, நல்லது. கூட்டமா இருக்கு, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டாள்.

இன்னும் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவள் அடைத்தாள் என்று கேள்விப்பட்ட அன்று நான் அடுப்படிக்குப் போய் நின்றவள். அவளிடம் இதை எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றும் தோன்றியது. பஸ் வந்தது. உட்கார இடம் கிடைத்தது.